இயற்றியவர்: தெரியவில்லை

1

ஆறு மாதத்துக்கு முன்பு என் மகள் நிலோபர் ஓர் இசைத்தட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பெரிய கறுப்புத் தட்டு. இங்கே பர்மிங்ஹாமில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இப்போது அதில்தான் மோகம்.

"அத்தா, இந்த ஆளு உங்க ஊராம். செத்துப் போயி ஒரு வருசம் ஆயிடுச்சாம். அதுக்காக மறுபடி போட்டிருக்காங்க. பாட்டு பயங்கரமா இருக்கு" என்றாள்.

அட்டையில் கலியமூர்த்தி. மடியில் கிட்டார், பாதி திறந்த வாய், நரைத்த தாடி. நிலோபர் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து அவளைக் கையில் வாங்கியவன் அவன். அவளுக்கு அது தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான். அதைப் பிறகு சொல்கிறேன்.

தட்டோடு ஒரு சிறு புத்தகம் இருந்தது. புரட்டிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது பாட்டுக்கு எதிரே இப்படிப் போட்டிருந்தது: 'காவிரிக் கரைப் பெண்கள் மழைத் தெய்வத்தை வேண்டிப் பாடும் தொன்மையான தாலாட்டு. பாரம்பரியப் பாடல். இயற்றியவர்: தெரியவில்லை.'

நான் கத்தினேன். சமையலறையில் இருந்த என் மனைவி ஓடி வந்தாள். நிலோபர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

தாலாட்டாம். மழைத் தெய்வமாம். இயற்றியவள் மன்னார்குடிக்குத் தெற்கே ஆறு மைலில் உயிரோடு இருக்கிறாள். அவள் பெயர் அஞ்சம்மாள். கலியமூர்த்தியைப் பெற்றவள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கலியமூர்த்தி யாரென்று தெரியாது. மீதிப் பேரில் சிலர் அவன் பாட்டைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று இத்தனை மாதம் காத்திருந்தேன், ஆறவில்லை.

2

மன்னார்குடி பந்தலடியில் என் அத்தா கேசட் கடை வைத்திருந்தார். பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் பதிவு செய்து தருவோம். கல்யாணத்துக்கு ஒரு பட்டியல், டிராக்டருக்கு ஒரு பட்டியல். துபாயிலிருந்து என் மாமா கொண்டுவரும் இங்கிலீஷ் கேசட்டுகளும் ஓர் ஓரத்தில் தூசி படிந்து கிடக்கும்.

கலியமூர்த்தி அப்போது ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துக்கொண்டிருந்தான். அப்பா அம்மா இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்து, பழைய கேசட் ஒன்றை நீட்டினான்.

"பாய், இதுல ஆயில் இன்ஜின் ஓடுற சத்தம் இருக்கு. இதுக்கு மேல என் குரல ஏத்தித் தர முடியுமா?"

அத்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஏம்ப்பா, இன்ஜின் ரிப்பேரா? மெக்கானிக்குகிட்ட காட்டவா?"

"இல்ல பாய். பாட்டு."

அத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு டெக்கில் இன்ஜினை ஓடவிட்டு, அவனைப் பாடவைத்து, இரண்டையும் அடுத்த டெக்கில் பிடித்தேன். அதை மறுபடி ஓடவிட்டு, அதன்மேல் இன்னொரு குரல். ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது.

"இரையுதேடா, கலியா. அழிச்சிட்டு மொதல்லேருந்து போடலாம்."

"வேணாம்டா ஜாபர். அந்த இரைச்சல்தான்டா நல்லாருக்கு. அதையும் சேத்தே வை."

அந்த ஓரத்து இங்கிலீஷ் கேசட்டுகளை முழுக்கக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. ஒரு காதல் பாட்டைக் கேட்டுவிட்டு, புரியாத வார்த்தைகளுக்குப் பதில் தானே சத்தங்களைப் போட்டு அப்படியே பாடிக்காட்டினான். அர்த்தம் தெரியாமல் எப்படிப் பாடுகிறாய் என்று கேட்டேன்.

"அர்த்தம் தெரியலன்னா என்னடா? எங்க மூச்சு எடுக்குறான்னு தெரியுதுல்ல? ஒருத்தன் எந்த எடத்துல மூச்சு வாங்குறானோ அங்கதான் அவனுக்கு வலிக்குது."

அவன் கடைசிவரை செய்தது இதைத்தான். அடுத்தவர் பாட்டை எடுப்பான். மெட்டை மாற்றுவான், வேகத்தை மாற்றுவான், வார்த்தைகளைத் தூக்கி எறிவான். மூச்சு எடுக்கும் இடத்தை மட்டும் தொடமாட்டான்.

3

ஊரில் அவனுக்குக் கிடைத்த பட்டம் 'காப்பியடிக்கிறவன்'.

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து இதைச் சொல்ல யாருக்கும் வெட்கமாக இல்லையா? ஒரே கீர்த்தனையை நூறு வித்வான்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடினால் அது மனோதர்மம். தலையை ஆட்டி, தொடையில் தாளம் போட்டு, "இவர் பாடினதுதான் பாடினது" என்று வீட்டுக்கு வந்த பிறகும் பேசுவோம். பண்ணையாள் மகன் ஒருவன் இன்னொருவர் பாட்டை எடுத்துத் தன் விதத்தில் பாடினால் மட்டும் அது காப்பி.

கேபிள் டி.வி. வந்து, வெளிநாட்டுப் பாட்டுச் சேனல் வந்து, ஊரில் பாதிப் பேர் ஏஜென்டுகளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம். அவன் வெல்டராக சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனான். அங்கேதான் முதல் கிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மதுக்கடையில் வாசித்தபோது, அங்கு வந்திருந்த இங்கிலாந்து இசைக்குழு ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டது. நான் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, மெட்ராஸ் போய், அங்கிருந்து பர்மிங்ஹாம் வந்து சேர்ந்தபோது அவன் எனக்கு முன்னாலேயே இங்கே இருந்தான்.

இங்கேயும் அவனை விடவில்லை. இங்கிலீஷ் பாட்டைப் பாடினால், "உங்கள் பாரம்பரியத்தைப் பாடலாமே, எங்கள் பாட்டு எதற்கு?" என்றார்கள். தமிழில் பாடினால், லாரி இரைகிற மாதிரி இருக்கிறதே, உங்கள் ஊர் இசை அமைதியானது அல்லவா என்று கேட்டார்கள். மேனேஜர் அவன் பெயரைக் 'காளி' என்று சுருக்கினார். உடனே ஒரு பத்திரிகைக்காரர், இவர் தன்னை ஒரு தெய்வத்துக்கு அர்ப்பணித்துக்கொண்டவர் என்று எழுதினார். வெல்டிங் செய்த கையில் இருந்த தீக்காயத்தை மந்திரச் சின்னம் என்று எழுதினார் இன்னொருவர். கலியன் அதைப் படித்துக் காட்டச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு தொகுப்புகள் வந்தன. மூன்றாவது முழுக்க அடுத்தவர் பாட்டுகள். நிலோபர் வாங்கி வந்தது அதுதான். அதில் ஓர் இங்கிலீஷ் காதல் பாட்டு இருக்கிறது. இங்கே கல்யாண வீடுகளில் எல்லாம் போடுவார்கள். நாலு நிமிஷப் பாட்டை அவன் பதினாலு நிமிஷம் இழுத்திருக்கிறான். கிட்டார்த் தந்திகளுக்கு அடியில் சைக்கிள் கம்பி ஒன்றைச் செருகியிருப்பான். ஒவ்வொரு சுரமும் தகரத்தில் ஆணி இழுபடுவதுபோல வரும். கேட்டு முடித்தபோது, அது காதல் பாட்டே இல்லை, விட்டுப் போகாதே என்று ஒருவன் கெஞ்சுவது என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை கல்யாணங்களில் கேட்டும் தெரியாமல் இருந்தது.

ஒரு பழைய தமிழ் சினிமா ஜோடிப் பாட்டையும் எடுத்திருந்தான். பெண் பாடும் வரிகளை மட்டும் பாடினான். ஆண் பாட வேண்டிய இடத்தில் வெறும் ஆயில் இன்ஜின் ஓடும். அவள் கேட்பாள், பதிலுக்கு இன்ஜின். துபாய்க்குப் போன புருஷனுக்காகக் காத்திருந்த என் ராத்தா, எனக்கு மூத்தவள், அதை போனில் கேட்டுவிட்டு, "போதும், நிறுத்துடா" என்றாள். இதைவிடப் பெரிய விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

4

ஒன்பதாவது பாட்டுக்கு வருகிறேன்.

கலியன் பிறப்பதற்கு முன்பு நடந்தது இது. ஒரு மிராசுதார் வயலில் நடவு. வரிசையில் நின்ற பெண்களில் பாப்பாத்தி என்பவள் பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. குழந்தை வரப்பில் துணியில் கிடந்து அழுகிறது. கரையேறிப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கேட்கிறாள். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நிற்கிறார், காதில் விழாததுபோல. அப்போது வரிசையின் நடுவிலிருந்து அஞ்சம்மாள் குனிந்த தலை நிமிராமல் பாட ஆரம்பித்தாள்.

கறுப்புக் குடைக்குள்ள காரியக்காரரே – ஒங்க
காது ரெண்டும் அடைச்சிருக்கா காரியக்காரரே
வரப்புல கெடந்து புள்ள அழுவுது – நீங்களே
வந்து கொஞ்சம் பால்குடுங்க காரியக்காரரே.

வயல் முழுக்கச் சிரித்தது. காரியக்காரர் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். பாப்பாத்தி கரையேறினாள். அஞ்சம்மாளுக்கு அந்தப் போகம் முழுவதும் அந்தப் பண்ணையில் வேலை கிடைக்கவில்லை.

இதுதான் இவர்கள் சொல்லும் மழைத் தெய்வம்.

கலியன் இதை ஆறு கிட்டார்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, காது கிழியும் சத்தத்தில் பாடினான். அம்மா நாற்றை ஊன்ற மூச்சை நிறுத்தும் இடங்களில் எல்லாம் தானும் நிறுத்தினான். இதுவும் அடுத்தவர் பாட்டுதான் என்பான். "என் பாட்டு இல்ல. அஞ்சம்மா பாட்டு. நான் திருப்பிப் பாடுறேன், அவ்வளவுதான்."

தொகுப்பு வெளிவருவதற்கு முன் இசைத்தட்டுக் கம்பெனி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விண்ணப்பம் கொடுத்தது. என் இங்கிலீஷ் அவன் இங்கிலீஷைவிடக் கொஞ்சம் மேல் என்பதால் நிரப்பும் வேலை எனக்கு. "ஒம்போதாவதுக்கு எங்க அம்மா பேர எழுதிருடா" என்று சொல்லிவிட்டு ஊர் ஊராக வாசிக்கப் போய்விட்டான்.

இயற்றியவரின் குடும்பப் பெயர், பிறந்த தேதி, ஒப்புதல் கையெழுத்து என்று கட்டங்கள். அஞ்சம்மாளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. கையெழுத்துக்கு ஊருக்குத் தபால் போட்டு வரவழைக்க வேண்டும். எனக்கு ஆபீஸில் வேலை நெருக்கடி. கட்டங்களின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம், பக்கத்தில் ஒரு வரி: 'பாரம்பரியம் எனில் மேற்கண்ட விவரங்கள் தேவையில்லை.'

அதில் டிக் அடித்தேன்.

ஆமாம், நான்தான். மாதக்கணக்காகக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், பத்திரிகைக்காரர்களைத் திட்டுகிறேன், ஊரைத் திட்டுகிறேன். அந்தக் குறியைப் போட்ட கை என்னுடையது.

தட்டு அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"எங்க அம்மா பேரு எங்கடா?"

"கலியா, அந்த ஃபாரத்துல எடமே இல்லடா. அவங்க கேட்ட பேப்பர் எதுவும்…"

"எடம் இல்லியா? எங்க ஆளுங்களுக்கு எந்தக் காயிதத்துலடா எடம் இருந்துச்சு? அவன் எழுதமாட்டான், சரி. நீ ஏன்டா எழுதல?"

அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதன்பிறகு என் வாசலை அவன் மிதிக்கவில்லை. ஒரே நகரத்தில் பதினெட்டு வருஷம் இருந்தோம். ஒருமுறை கடைத்தெருவில் எதிரே வந்தவனைப் பார்த்துவிட்டு நான் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்து ஒளிந்துகொண்டேன். ஒவ்வொரு மேடையிலும் அந்தப் பாட்டுக்கு முன்னால், "இது அஞ்சம்மா பாட்டு. அட்டையில தப்பா போட்டிருக்கு" என்று சொல்வானாம். நெஞ்சுவலியில் போய்விட்டான். இங்கேயே நடந்த அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு யாரிடமும் பேசாமல் திரும்பினேன்.

இதையெல்லாம் நிலோபரிடம் சொன்னேன். அவள் இங்கிலீஷில் ஒரே கேள்விதான் கேட்டாள். அதன் தமிழ் இதுதான்: "அப்படின்னா நீங்க ஏன் அந்தக் கம்பெனிக்காரங்கமேல கத்துனீங்க?"

5

முதலில் இங்குள்ள தமிழர் சங்கத்துச் செயலாளருக்கு போன் செய்தேன். நினைவுக் கூட்டம் வைத்து, சங்கத்தின் பெயரில் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடலாமே என்று.

"அவரு பாட்டு கொஞ்சம் சத்தம் சார். நம்ம புள்ளைங்களுக்கெல்லாம் ஒத்து வராது." பிறகு குரலைத் தாழ்த்தி, "மன்னார்குடியில அவரு எந்தப் பக்கம் சார்?" என்றார்.

"தெற்கே."

"அது சரிங்க. தெரு எந்தத் தெருன்னு கேட்டேன்."

சொன்னேன். உடனே அவர் பேச்சில் மரியாதை கூடிவிட்டது. கதவைச் சாத்துகிறவர்களின் மரியாதை. கமிட்டியில் கலந்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஐயாயிரம் மைல் தாண்டி, பனியில் சறுக்கி விழுந்து, குடியுரிமை வாங்கி, தெருப் பெயரை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம்.

அடுத்து, பாட்டு உரிமைகளைப் பதிவு செய்யும் அலுவலகம். அங்கிருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். முதல் ஒலிப்பதிவின் தேதி என்ன? ஒலிப்பதிவு இல்லை அம்மா, வயலில் பாடியது. அப்படியானால் பாரம்பரியம்தானே? பாடியவர் உயிரோடு இருக்கிறார். அடையாளச் சான்று?

அஞ்சம்மாளின் ரேஷன் கார்டில் அஞ்சலை என்று இருந்தது. வாக்காளர் அட்டையில் அஞ்சம்மாள், மாரிமுத்து மனைவி. மனைவி என்பதற்கான இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளை அந்தப் பெண் இனிஷியல் என்று எடுத்துக்கொண்டு, 'டபிள்யூ. ஓ. மாரிமுத்து என்பவர் யார்? இவர் மூன்றாவது நபரா?' என்று மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்று முறை விளக்கினேன். நான்காம் முறை, அஞ்சலையும் அஞ்சம்மாளும் ஒருவரே என்று ஊரில் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வரச் சொன்னாள். தபாலுக்குச் சோம்பல்பட்டவன் விமானத்துக்குச் சீட்டு எடுத்தேன். நிலோபர் தானும் வருவேன் என்றாள்.

6

அஞ்சம்மாள் சிமென்ட் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர் வயலில் நடவு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய் வூட்டுத் தம்பிதானே? வாங்க. அவன் போனப்பக்கூட இங்க வரலியே நீங்க."

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம், குறி, ஆபீஸ் வேலை, ஒளிந்துகொண்ட மருந்துக்கடை. முடித்ததும் அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"எம் பேரு அச்சுல வந்தாதான் எனக்குச் சோறுன்னு இல்ல தம்பி. ஆனா எம்புள்ள ஒங்களதான நம்பிச் சொன்னான்? ஒரு பேரு. அஞ்சாறு எழுத்து. அத எழுத ஒங்களுக்குக் கை வலிச்சுதா?"

"தப்புதாங்க."

"தப்புதான்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை நான் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நிலோபர் சங்கடத்தைக் கலைக்க நினைத்து, "ஆன்ட்டி, நீங்க நல்லா கத்துவீங்கன்னு அத்தா சொன்னாரு. ஒரு தடவ கத்துங்க" என்றாள். பாடுங்கள் என்பதற்கு அவள் வாயில் அந்தச் சொல்தான் வந்தது. அஞ்சம்மாள் முதல்முறையாகச் சிரித்தார்.

"சரியாத்தான் சொல்லுது பொண்ணு. கத்தலன்னா எவன் காதுல வுழுந்துச்சு?"

பாடினார். மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் ஏறியது. முடித்துவிட்டு, "தாள எடுங்க. இப்பவாவது சரியா எழுதுங்க. மொத மூணு அடிதான் நான் பாடுனது. நீங்களே வந்து பால் குடுங்கன்னு சொன்னது பாப்பாத்தி. தண்ணியில நின்னுக்கிட்டு, மாரு நனைஞ்சுபோயி, அவதான் முடிச்சா. அவ பேரு இல்லாம எம் பேரு வேணாம்" என்றார்.

கலியனுக்கே இது தெரியாது. எனக்குத் தெரிந்தவரை அவன் மேடையில் ஒருமுறைகூடப் பாப்பாத்தி பெயரைச் சொன்னதில்லை.

பாப்பாத்தி இறந்து பல வருஷம் ஆகிறது. அவர் மகள், அன்று வரப்பில் கிடந்து அழுத பிள்ளை, சீர்காழியில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனோம். விண்ணப்பத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'வாரிசு' என்ற இடத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கீழே, இங்கிலீஷில், தாமே ஒரு வாக்கியம் சேர்த்தார்: 'இந்தப் பாட்டில் வரும் குழந்தை நான்தான். எனக்குப் பால் கிடைத்தது.'

7

திரும்பி வந்து எல்லாவற்றையும் கொடுத்தேன். ஏழு வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. கோரிக்கை கொள்கையளவில் ஏற்கப்படுகிறது. கம்பெனிக்கும் தெரிவித்தாகிவிட்டது, அடுத்த அச்சில் இரண்டு பெயரும் வரும், தாலாட்டு என்ற விளக்கம் நீக்கப்படும். ஒரே ஒரு விவரம் பாக்கி: முதல் இயற்றியவரின் பிற படைப்புகளைப் பட்டியலிட வேண்டும். ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை அஞ்சம்மாளுக்கு வீடியோவில் போன் போட்டோம். நிலோபருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுத, பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை விண்ணப்பத்தை நான் தொடவில்லை.

"வேற என்னென்ன பாட்டு கட்டியிருக்கீங்கன்னு கேக்குறாங்க" என்றேன்.

அஞ்சம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"எந்த வயலுக்குக் கட்டுனத எழுதப்போறீங்க?"

"எல்லாத்தையும்தாங்க. ஆனா அஞ்சு வரிதான் எடம் இருக்கு."

"அஞ்சு வரியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு கேமராவுக்கு நெருங்கி, என்னை விட்டுவிட்டு, நிலோபரிடம் பேசினார். "காரியக்காரருக்கே ஏழு இருக்கு. மிராசுதாரு மாட்டுவண்டிக்கு நாலு. கூட்டுறவு பேங்க்குக்காரனுக்கு ஒண்ணு. போன வருசம் இந்த மெஷினுக்கு ஒண்ணு கட்டுனேன், அது இன்னும் முடியல. நீ எழுதிக்கிட்டே வா பொண்ணே, நான் கத்துறேன்."

நிலோபர் விண்ணப்பத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எண் ஒன்று போட்டாள்.